இடது சீட்டின் எடை

மழை விட்ட ஒரு மத்தியானம் அந்தக் கார் பட்டறைக்கு வந்தது. வரும்போதே தெருவையே கூட்டிக்கொண்டு வந்தது. கூரை கிடையாது, இரண்டே சீட்டு, தரையோடு தரையாகப் படுத்த உடம்பு, கரும்பச்சை நிறம். எதிர்க்கடையில் டயர் மாட்டிக்கொண்டிருந்தவர் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து நின்றார். ஓட்டி வந்த ஆசாமி ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் தொப்பையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனை வெளியே இழுக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

அவன்தான் குண்டு. பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர், நாற்பது தாண்டியும் விடவில்லை. தொழில் பொய்ப்பல் செய்வது. டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, இருந்த பல்லை இருந்தபடியே செய்து கொடுப்பான். கோணல் பல்லென்றால் கோணலாகவே. அந்தப் புத்தியோடுதான், அச்சில் ஃபைபர் ஊற்றி, இந்தக் காரையும் கட்டியிருந்தான். ஒரு காலத்தில் நெடுந்தூரப் பந்தயத்தில் ஓடிய காரின் நகல் அது. அந்த மாதிரியில் ஏதோ ஒரு கார் இல்லை, குறிப்பாக ஒரே ஒரு காரின் நகல். அதன் பழைய போட்டோக்களை லென்ஸ் வைத்துப் பார்த்து, இடது கதவில் இருந்த கீறலைக்கூட விடாமல் கீறி வைத்திருந்தான்.

"புதுக் கார்ல எவனாவது கோடு போடுவானாடா?" என்றான் பட்டறைக்காரன்.

"நகல்னா நகலா இருக்கணும் மச்சான். இல்லன்னா எதுக்கு?"

பட்டறைக்காரனை எல்லோரும் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் பட்டறைத் தரையில் நான்கு எடைப் பலகைகள் பதித்திருந்தான். காரை அதன்மேல் நிறுத்தினால் எந்தச் சக்கரம் எவ்வளவு சுமக்கிறது என்று சுவரில் இருக்கும் திரையில் தெரியும். அதைப் பார்த்து ஸ்பிரிங்கை ஏற்றி இறக்கி, வண்டியை நேராக ஓட வைப்பதுதான் அவன் வேலை. பந்தயக்காரர்கள் அவனைத் தேடி வருவார்கள், அவனுக்கும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. குண்டு அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே சிநேகிதன். பிறகு அவன் தங்கச்சியையே கட்டிக்கொண்டு மாப்பிள்ளையும் ஆனவன்.

தங்கச்சி பின்னாலேயே தன் வண்டியில் வந்து இறங்கினாள். குண்டு டயர்க் கடைக்காரரிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தபோது அண்ணனை ஓரமாக இழுத்தாள்.

"நெஞ்சு வலி வந்து போனதிலிருந்து மனுஷன் செத்துடுவோம் செத்துடுவோம்னு கட்டிலை விட்டே எழுந்திருக்கல. உனக்கே தெரியும். இந்தக் காரைக் கட்ட ஆரம்பிச்சுதான் எழுந்தாரு. இப்ப என்னடான்னா வண்டி இடது பக்கமே இழுக்குதாம். ஓட்டவே பிடிக்கலைன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்காரு. மறுபடி போய்ப் படுத்துட்டாருன்னா நான் என்ன செய்வேன் அண்ணா? எப்படியாவது சரி பண்ணிக் கொடு. எனக்கு அவர் வேணும்."

"அட, இதுக்குப் போய் அழுவியா? ரெண்டு நாள்ல விட்ட அம்பு மாதிரி ஓட வச்சுத் தரேன் பாரு," என்றான் தராசு.

வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

யார் ஓட்டுவாரோ அவரை உட்கார வைத்துத்தான் எடை பார்ப்பான் தராசு. கூட ஆள் வருவதாக இருந்தால் பக்கத்துச் சீட்டில் மணல் மூட்டை வைப்பான். குண்டு தனியாகத்தான் ஓட்டுவேன் என்றதால் அவனை மட்டும் வலது சீட்டில் திணித்துவிட்டு, சுவரில் இருந்த திரையைப் பார்த்தான்.

இடது பக்கம் இருபத்து மூன்று கிலோ கூடுதலாகக் காட்டியது.

மணல் மூட்டையை எடுக்க மறந்துவிட்டோம் போல என்று திரும்பினான். மூட்டைகள் சுவரோரம் வரிசையாகத்தான் இருந்தன. இடது சீட்டில் ஒன்றும் இல்லை. மழைத் தண்ணீர்கூட இல்லை. பலகைகளைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து மறுபடி ஏற்றினான். அதே கணக்குதான் வந்தது.

"மாப்ளே, நீ ஃபைபர் போட்ட லட்சணம் இதுதானா? இடது பக்கம் ரெண்டு கோட் அதிகமா ஊத்தியிருக்கே."

குண்டுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ரெண்டு பக்கமும் நிறுத்துதான் ஊத்தினேன். அச்சு விஷயத்துல எனக்கு மயிரிழை தப்பாது. நீ உன் தராசைப் பாரு."

"என் தராசு பொய் சொல்லாது."

சொன்னான் அல்லவா, அதோடு விட்டிருக்கலாம். தராசு பொய் சொல்லாது என்றால் அந்த எடை எங்கே இருக்கிறது என்று தேடியிருக்கலாம். இரண்டு கதவையும் கழற்றி எடை போட்டிருந்தால், அது ஃபைபரில் இல்லை என்று பத்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். செய்யவில்லை. வீட்டில் கட்டிய வண்டி இப்படித்தான் கோணல் மாணலாக இருக்கும் என்று அவனாகவே முடிவு கட்டினான். பேட்டரியை வலது பக்கம் மாற்றினான். ஸ்பிரிங்கின் அடியில் இருக்கும் வளையங்களைத் திருகித் திருகி, கண்ணுக்குத் தெரியாத அந்த எடைக்கும் சேர்த்து வண்டியைச் சமன் செய்தான். விருந்தாளியை உட்கார வைத்து உபசரித்த மாதிரி அதற்கு ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தான் என்றுதான் சொல்ல வேண்டும்.

கார்பரேட்டர் இரண்டையும் காது வைத்துக் கேட்டு ஒரே சுதியில் நிறுத்திய பிறகு, சாயங்காலம் தனியாக ஓட்டிப் பார்க்க எடுத்துக்கொண்டு போனான். ஏரியைச் சுற்றிப் போகும் பழைய ரோடு, ஆள் நடமாட்டம் இல்லை. சும்மா சொல்லக்கூடாது, வண்டி வழுக்கிக்கொண்டு போனது. ஸ்டீயரிங்கில் இரண்டு விரல் வைத்தால் போதும். பயல் பிரமாதமாகத்தான் கட்டியிருக்கிறான் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டான்.

அப்போதுதான் வாசனை வந்தது. கருகிய விளக்கெண்ணெய் வாசனை.

அந்தக் காலத்துப் பந்தய வண்டிகளுக்கு விளக்கெண்ணெயில் செய்த ஆயிலைத்தான் ஊற்றுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். இந்த எஞ்சினுக்கு அவன் கையாலேயே ஊற்றியது சாதாரண ஆயில். எங்கேயாவது ஒழுகிச் சூட்டில் கருகுகிறதோ என்று வேகத்தைக் குறைத்தான்.

டக்.

இடது பக்கம், கால் வைக்கும் இடத்தில், அலுமினியத் தகட்டில் முழங்கால் இடித்த மாதிரி சத்தம். கேட்ட மறுநொடி ரோடு வலது பக்கம் வளைந்தது. ஏதோ தகடு லூசாக இருக்கிறது, வளைவில் ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டான்.

மறுபடியும் ஒரு டக். அப்புறம்தான் வளைவு வந்தது.

மூன்றாவது முறைதான் அவனுக்கு உறைத்தது. வளைவில் ஆடும் தகடு வளைவு வந்த பிறகல்லவா சத்தம் போட வேண்டும்? இது முன்கூட்டியே இடிக்கிறது. வரப்போவது தெரிந்து யாரோ காலை ஊன்றிக்கொள்கிறார்கள்.

அவன் இடது பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பட்டறை வரும்வரை பார்க்கவே இல்லை. வந்ததும் அந்தத் தகட்டின் திருகுகளை எல்லாம் இறுக்கினான், அவை ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தன. காலையில் வெளிச்சத்தில் நினைத்துப் பார்த்தபோது அவனுக்கே சிரிப்பு வந்தது. வண்டியை ஒப்படைத்துவிட்டான்.

குண்டு தலைகால் புரியாமல் ஆடினான். தினமும் காலையில் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று. தங்கச்சி போனில் பேசும்போதெல்லாம், "உன் புண்ணியம்தான் அண்ணா" என்பாள். அது மட்டுமில்லை, ஆள் இளைக்கவும் ஆரம்பித்திருந்தான். எடையைக் குறை, குறை என்று டாக்டர் தொண்டை கிழியக் கத்தியும் குறையாத உடம்பு, மாதம் ஒரு சுற்றாகக் குறைந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் என்ன சாப்பிடறே, என்ன பயிற்சி பண்றே என்று கேட்டார்கள். "என்னத்தைப் பண்றேன், கார் ஓட்டறேன்" என்று சிரிப்பான். தராசும் அவன் இடுப்பைக் கிள்ளி, "இனிமே உன்னை என்னன்னுடா கூப்பிடறது?" என்று கேலி செய்தான். அந்தக் கேலியை நினைத்து நினைத்துப் பின்னாளில் அவன் தலையில் அடித்துக்கொண்டது வேறு கதை.

மறு மழைக்காலத்துக்குள் சட்டை ஆணியில் தொங்குகிற மாதிரி தொங்கியது. கன்னம் ஒட்டிவிட்டது. சாப்பாடு மட்டும் பழையபடிதான், ஒரு பிடி குறையவில்லை. டாக்டர்கள் ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். தங்கச்சியின் குரலில் இருந்த சந்தோஷம் எப்போது போனது என்று தராசுக்கு நினைவில்லை.

ஒருநாள் குண்டு காரோடு பட்டறைக்கு வந்தான். இறங்கக் கை கொடுக்க யாரும் தேவைப்படவில்லை.

"மறுபடி இடது பக்கம் இழுக்குது மச்சான்."

தராசு வண்டியைப் பலகையில் ஏற்றினான், சிநேகிதனை உட்கார வைத்தான், திரையைப் பார்த்தான். இடது பக்கம் இன்னும் முப்பத்தெட்டு கிலோ ஏறியிருந்தது. வலது பக்கம் அதே முப்பத்தெட்டு இறங்கியிருந்தது. எடை விஷயத்தில் அவனுக்கு மறதி கிடையாது. போன வருஷம் பார்த்த மொத்த எடை மனசில் இருந்தது. நான்கு சக்கரத்தையும் கூட்டிப் பார்த்தான்.

ஒரு கிராம்கூட மாறவில்லை.

வண்டி கனக்கவில்லை. இவனிடமிருந்து போனது வேறெங்கும் போகவில்லை. பக்கத்துச் சீட்டுக்குப் போயிருக்கிறது.

"மாப்ளே, இறங்கு. முதல்ல கீழே இறங்கு."

குண்டு இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டே, யார் காதிலோ விழுந்துவிடக் கூடாது என்பதுபோல மெதுவாகச் சொன்னான்.

"உனக்கும் தெரிஞ்சுடுச்சா?"

"என்ன தெரிஞ்சுது?"

"அந்தக் காலத்து நெடுந்தூரப் பந்தயத்துல ரெண்டு பேர் போவாங்க மச்சான். ஒருத்தன் ஓட்டுவான். இன்னொருத்தன் பக்கத்துல உட்கார்ந்து வளைவு சொல்லுவான். நான் நகல் எடுத்த கார்ல அந்த ரெண்டாவது ஆள் செத்துட்டான். உருண்டு விழுந்ததுல உடம்பு கூட முழுசா கிடைக்கலையாம். கதவுல இருக்கிற கீறலை அப்ப வந்ததுன்னு தெரிஞ்சேதான் போட்டேன். நகல்னா நகலா இருக்கணும்னு பைத்தியக்காரத்தனம்."

"அடப்பாவி. இதை ஏன் அப்பவே சொல்லல?"

"அப்ப ஒண்ணும் இல்லையே. இழுத்துக்கிட்டுத்தானே இருந்தது? ஓட்டவே பிடிக்காமல்தானே உன்கிட்ட கொண்டுவந்தேன்? நீ சரி பண்ணிக் கொடுத்த அப்புறம்தான் அவன் நல்லா உட்கார்ந்தான்."

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. அதுதான் தராசுக்குத் தாங்கவில்லை. எந்த எடை என்று பார்க்காமல், தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டப் போய், தங்கச்சி புருஷனைத் தானே தூக்கிக் கொடுத்திருக்கிறோம் என்று மனசு அறுத்தது.

அன்றைக்கே காரைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். இடது சீட்டைக் கழற்றினான். எடை போகவில்லை, சீட்டு இருந்த வெற்றிடத்திலேயே உட்கார்ந்திருந்தது. கதவைக் கழற்றித் தீயில் போட்டான். போன வருஷம் திருகிய வளையங்களை எல்லாம் பழைய இடத்துக்கே திருப்பினான். வளையம் திரும்பியது, திரையில் எண் மட்டும் அசையவில்லை. ஒதுக்கிக் கொடுத்த இடத்தைத் திருப்பி வாங்க முடியவில்லை.

ஓட்டாவிட்டால் போதும், இத்தோடு நின்றுவிடும் என்று ஒரு நப்பாசை இருந்தது. அதுவும் நிலைக்கவில்லை. குண்டுவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தங்கச்சி அங்கிருந்து போன் செய்து, "இன்னிக்கு இன்னும் ஒரு கிலோ இறங்கிடுச்சு அண்ணா" என்று அழுவாள். தராசு போனைக் காதில் வைத்தபடியே திரையைப் பார்ப்பான். பூட்டிய பட்டறையில், யாரும் தொடாத வண்டியில், இடது பக்கம் ஒரு கிலோ ஏறியிருக்கும். நீயாவது சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பான்.

கடைசியாக அவன் ஆஸ்பத்திரிக்குப் போனபோது குண்டு படுக்கையில் இருப்பதே தெரியவில்லை. போர்வை லேசாக மேடு தட்டியிருந்தது. கையைப் பிடித்தான். கையில் எதுவும் இருக்கிற மாதிரியே இல்லை.

"அவளைப் பார்த்துக்க," என்றான் குண்டு. உதடு மட்டும்தான் அசைந்தது. "அவனுக்கு இன்னும் போதலை மச்சான்."

மறுநாள் மத்தியானம் தராசு பட்டறையில் இருந்தான். வண்டியை வெட்டிப் போடுவது என்று முடிவு செய்து, கேஸ் கட்டரை எடுத்து வைத்துப் பற்ற வைக்கப் போனான். எங்கிருந்தோ விளக்கெண்ணெய் கருகும் வாசனை வந்தது.

டக்.

வண்டி நின்ற இடத்தில்தான் நின்றது. வளைவு ஏதும் இல்லை.

இடது பக்க ஸ்பிரிங்குகள் முனகின. காரின் அந்தப் பக்கம் மெல்ல மேலே எழும்பியது, ஒருவர் காலை வெளியே வைத்து எழுந்திருக்கும்போது எழும்புவதுபோல. திரையில் எண் இறங்கியது. இறங்கி, இறங்கி, வெறும் வண்டியின் எடையில் வந்து நின்றது.

இறங்கிவிட்டது. விட்டுவிட்டுப் போய்விட்டது.

தராசு தரையில் உட்கார்ந்து அழுதான். சிரித்துக்கொண்டே அழுதான். பிழைத்துவிட்டான், இனி ஒவ்வொரு கிலோவாகத் திரும்பி வரும், மறுபடி அந்தத் தொப்பையைக் கிள்ளலாம் என்று வாய்விட்டுச் சொன்னான். தங்கச்சியைக் கூப்பிடப் போனை எடுத்தான். அதற்குள் அவளே கூப்பிட்டாள்.

"இப்பத்தான் அண்ணா, மூச்சு நின்னுடுச்சு," என்றாள்.

பெட்டியைத் தூக்க நான்கு பேர் குனிந்தார்கள். நல்ல வாட்டசாட்டமான ஆட்கள், பாரம் இருக்கும் என்று மூச்சை இழுத்துப் பிடித்துத் தூக்கினார்கள். பெட்டி சட்டென்று தோளுக்கு மேலே போய்விட்டது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒருவர் தராசின் பக்கம் சாய்ந்து, "உள்ளே வச்சீங்கள்ல?" என்று கிசுகிசுத்தார்.

தராசு காரைத் துண்டு துண்டாக வெட்டினான். அதில் ஒரு ஆறுதலும் இல்லை. வெறும் தகடும் ஃபைபரும்தான், எதை வெட்டுகிறோம் என்றே தெரியாமல் வெட்டினான்.

அடுத்த சில வாரங்கள் தங்கச்சி யாரையும் வீட்டுக்கு வரவேண்டாம் என்றுவிட்டாள். தனியாக இருக்கட்டும், அழுது தீர்க்கட்டும் என்று அவனும் விட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மனசு கேட்காமல் போய்க் கதவைத் தட்டினான். திறந்தவளைப் பார்த்து ஒரு நிமிஷம் யாரோ என்று நினைத்தான். தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. விரலில் மோதிரம் நிற்காமல் நூல் சுற்றியிருந்தாள். முகத்தில் மட்டும் அமைதி இருந்தது, அந்த அமைதிதான் அவனைப் பயமுறுத்தியது.

"சாப்பிடறியா இல்லையா நீ?"

"நல்லாத்தான் சாப்பிடறேன். உட்காரு."

சோபாவின் ஒரு ஓரத்தில் அவள் உட்கார்ந்தாள். எதிரே அவன் உட்கார்ந்தான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் அண்ணா. கிறுக்குன்னு நினைக்காதே. அவர் எங்கேயும் போகல. ராத்திரி படுத்தா கட்டிலோட அந்தப் பக்கம் அமுங்குது. முன்ன எப்படிப் பாரமா வந்து படுப்பாரோ, அப்படியே. அது இருக்கிறதாலதான் நான் தூங்கறேன்." கொஞ்சம் சிரித்தாள். "அந்தக் கார் ஆயில் வாசனைகூட இன்னும் போகல பாரேன்."

அது அவர் இல்லை என்று எப்படிச் சொல்வது? அந்தப் பாரம் மட்டும் அவருடையதுதான், சுமந்து வந்திருப்பது வேறு ஆள் என்று எந்த வாயால் சொல்வது? இனி உன் முறை என்று சொல்வதா?

"எழுந்திரு," என்றான். "எதையும் எடுக்காதே. என் வீட்டுக்குப் போகலாம். இப்பவே."

"இந்த வீட்டை விட்டா அவர் எங்கே போவாரு?"

"பேசாதே. வா."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். அவளை இழுக்கப் பலமே தேவைப்படவில்லை. வெளியே வந்ததும் வீட்டுக் கதவைப் பூட்டினான். ஒருமுறைக்கு இரண்டுமுறை இழுத்துப் பார்த்தான். அவன் வீட்டில் அவன் மனைவி இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், சத்தமும் வெளிச்சமும் இருக்கிறது. அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் போதும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தங்கச்சி அவன் காரின் பின்சீட்டில், ஓட்டும் இடத்துக்கு நேர் பின்னால், வலது பக்கம் ஏறி உட்கார்ந்தாள். அவள் ஏறியபோது வண்டி அசையவே இல்லை. அவன் முன்னால் உட்கார்ந்து எல்லாக் கதவுகளையும் லாக் செய்தான். சாவியைத் திருகக் கை போனது.

பின்பக்கம், இடது ஸ்பிரிங் மெல்ல அமுங்கியது.

கதவு எதுவும் திறக்கவில்லை.

கண்ணாடியில் பார்த்தான். தங்கச்சி அந்தப் பக்கம் லேசாகத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். அவள் தலை காற்றில் சாய்ந்து, விழாமல் நின்றது.